வியாழன் ஏன் வெள்ளைப் பொட்டாக விழுகிறது?

கேள்வி இதுதான்: "6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தால் வியாழனின் பட்டைகள் தெரிகின்றன, சனியின் வளையம் தெரிகிறது. கைபேசியை வைத்து எடுத்தால் வெள்ளையாக ஒரு பொட்டுதான் விழுகிறது. எந்தக் கேமரா வாங்கினால் இணையத்தில் பார்ப்பது போன்ற படம் கிடைக்கும்?"

கேமராவுக்குக் கடைசியில் வருகிறேன். இப்போது பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். உங்கள் தொலைநோக்கியிலும் குறை இல்லை, கைபேசியிலும் குறை இல்லை. திரையில் முக்கால்வாசிக்கு மேல் கருப்பாக இருப்பதைப் பார்த்து, இருட்டில் எதையோ எடுக்கிறார்கள் என்று கைபேசி தானாக முடிவு செய்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. வியாழன் இருட்டில் இல்லை, வெயிலில் இருக்கிறது. நமக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய 27இல் ஒரு பங்கு வெயில்தான் அங்கே, ஆனாலும் வெயில் வெயில்தான். திரையில் கோளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போக்கஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். கையால் அமைக்கும் 'புரோ' முறை இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/125 வினாடி என்று தொடங்கி, பட்டைகள் தெரியும் வரை மாற்றிப் பாருங்கள். வெள்ளைப் பொட்டு அன்றைக்கே வட்டமாகி, குறுக்கே இரண்டு கோடுகளும் காட்டும்.

அதற்கு மேல் ஏன் தெளிவு வரவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி. நீங்கள் பார்த்து வியந்த வியாழன் படங்களில் அநேகமாக எதுவும் ஒரே சொடுக்கில் எடுத்தது அல்ல. சில ஆயிரம் பிரேம்கள் கொண்ட வீடியோவை எடுத்து, காற்று அசையாமல் நின்ற கணங்களில் பதிவானவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கூர்மைப்படுத்தியவை. இந்த முறை தெரியாமல் எத்தனை விலையுள்ள கேமரா வாங்கினாலும் இன்றைய வெள்ளைப் பொட்டு நாளைக்குக் கொஞ்சம் பெரிய மங்கல் பொட்டாகும், அவ்வளவுதான்.

நிலவில் தொடங்குங்கள். கைபேசியை ஐபீஸோடு (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) இறுக்கிப் பிடிக்கும் அடாப்டர் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்; கையில் பிடித்து எடுப்பது நண்பர்களுக்குக் காட்டத்தான் உதவும். 25 மி.மீ. ஐபீஸைப் போட்டு, இரண்டு வினாடி டைமர் வைத்து, கையை எடுத்துவிடுங்கள். ஷட்டர் 1/500 வினாடியோ அதைவிடக் குறைவோ இருக்கட்டும்.

பௌர்ணமி அன்று மட்டும் எடுக்காதீர்கள். அன்றைக்கு நிலவின் முகத்துக்கு நேரே வெயில் அடிக்கிறது. நிழல் விழாத இடத்தில் மேடும் பள்ளமும் ஒன்றாகத்தான் தெரியும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டித்தான் காட்சி எல்லாம். அங்கே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது, சிறு மேட்டுக்கும் நீண்ட நிழல் விழுகிறது.

அந்தக் கோடு என்றைக்கு எங்கே நிற்கும் என்று அறிய ஆப் எதுவும் தேவையில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி போதும். சூரியனிடமிருந்து நிலவு 12 பாகை விலக ஒரு திதி என்பது கணக்கு. நிலவின் மேல் விடியல் கோடு நகர்வதும் அதே கோணத்தைப் பொறுத்ததுதான். வளர்பிறை சஷ்டியில் தியோபிலஸ், சிரிலஸ், கேத்தரினா என்ற மூன்று பெரிய கிண்ணக்குழிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வரும். அஷ்டமியில் நிலவின் நட்டநடுவே டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்ஸாக்கல் மேலிருந்து கீழாக வரிசைகட்டும். வடக்கே அபினைன் மலைத்தொடரின் நிழல்கள் சமவெளியில் நீண்டு கிடக்கும். நவமி எனக்கு மிகவும் பிடித்த நாள். 230 கிலோமீட்டர் அகலமுள்ள கிளேவியஸ் குழி அன்றைக்குத்தான் நிழலும் வெளிச்சமுமாகத் திறக்கிறது. அதன் தரையில் வில்லாக வளைந்து செல்லும் சிறு குழிகளின் வரிசையைப் பாருங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது. அந்த வரிசையில் எத்தனை பிரிந்து தெரிகின்றன என்பதை வைத்தே அன்றைய காற்றின் தரத்தைச் சொல்லிவிடலாம். அதே இரவில் நேர்ச்சுவர் எனப்படும் 110 கிலோமீட்டர் நீளப் பிளவு, பேனாவால் இழுத்த கருங்கோடாக நிற்கும். தசமியில் 93 கிலோமீட்டர் அகலக் கோபர்நிகஸ், படிப்படியாக இறங்கும் உட்சுவர்களோடும் நடுவில் சிகரங்களோடும் வருகிறது.

மாலையில் எந்தத் திதி நடக்கிறது என்று பாருங்கள். திதி முடியும் நேரமும் நாள்காட்டியில் இருக்கும். நிலவு லேசாக ஆடிக்கொண்டே முகம் காட்டுவதால் அரைத் திதி முன்பின் ஆகலாம். நல்ல காரியம் தொடங்க அஷ்டமியும் நவமியும் ஆகாது என்பார்கள். நிலவைப் படம் எடுக்கத் தொடங்க அவற்றைவிட நல்ல நாள் கிடையாது.

இனிக் கோள்களுக்கு வருவோம். நிலவிலிருந்து வியாழனுக்குத் தாவும்போதுதான் பலர் சோர்ந்துபோகிறார்கள், ஏனென்றால் அளவு வித்தியாசத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நிலவு வானத்தில் அரைப் பாகை அகலம். வியாழன் நன்றாக நெருங்கி வரும் காலத்திலும் 45 விகலையைச் சுற்றித்தான்; ஒரு பாகைக்கு 3,600 விகலை. நிலவின் விட்டத்தில் 40 வியாழன்களை வரிசையாக வைக்கலாம். உங்கள் தொலைநோக்கியின் குவியத்தூரம் (பெரிய கண்ணாடியிலிருந்து பிம்பம் விழும் இடம் வரையுள்ள தூரம்) 1200 மி.மீ. என்றால், அதன் குவியத்தில் நிலவு 11 மி.மீ. அகலமாக விழும், வியாழன் கால் மில்லிமீட்டர்தான். அந்தக் கால் மில்லிமீட்டருக்குள்தான் பட்டை, சிவப்புப் புள்ளி, துணைக்கோளின் நிழல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இந்த அளவில் காற்றின் சிறு அசைவும் கோளின் முகத்தைக் கலைத்துவிடும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், படத்தின் தரம் அதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள காற்று கலக்கும்போது ஒளி கோணலாக வளைகிறது. மே மாத மதியத்தில் தார்ச்சாலைக்கு மேல் எதிரே வரும் பஸ் நெளிந்து தெரிவதும் இதே காரணத்தால்தான். இதில் உயரத்துக் காற்று நம் கையில் இல்லை. ஆனால் அது நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது: குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் தமிழ்நாட்டுக்கு வெகு வடக்கே போய்விடுகிறது. மேலும் நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், 8 முதல் 13 பாகை அட்சரேகைக்குள் இருப்பதால் கோள்கள் ஏறக்குறைய உச்சியிலேயே கடக்கின்றன. அடிவானத்தருகே நிற்கும் கோளின் ஒளி பல மடங்கு தடித்த காற்றைத் துளைத்து வர வேண்டும். உச்சியில் நிற்கும் கோளுக்கு அந்தத் தொல்லை இல்லை. வியாழன் தென்வானில் தங்கியிருந்த 2020இல், லண்டனில் அது 16, 17 பாகை உயரத்துக்கு மேல் ஏறவே இல்லை. நம் ஊரில் 55 பாகையைத் தாண்டி நின்றது.

இது வெறும் ஆறுதல் இல்லை. பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்து வியாழனைப் படம் எடுக்கும் கிறிஸ்டோபர் கோ தொழில்முறை வானியலாளர் அல்லர். வியாழனில் வெள்ளையாக இருந்த 'ஓவல் பிஏ' என்னும் புயல் சிவப்பாக மாறிவிட்டதை 2006 பிப்ரவரியில் உலகுக்குச் சொன்னவர் அவர்தான். செபு இருப்பது வடக்கே சுமார் 10 பாகை. நம் தஞ்சாவூரும் மதுரையும் இருக்கும் அதே மட்டம்.

தரையோரக் காற்று முழுக்க நம் பொறுப்பு. தொலைநோக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் மொட்டை மாடிக்குத்தான் போகிறோம். பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட், நள்ளிரவு வரை அந்த வெப்பத்தைத் துப்பிக்கொண்டே இருக்கும். மாலை 7 மணிக்கு மாடியில் எடுத்த வியாழனையும் பின்னிரவு 2 மணிக்கு எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு தொலைநோக்கியில் எடுத்தவை என்பீர்கள். மண் தரையோ புல் தரையோ கிடைத்தால் விடாதீர்கள். மாடிதான் வழி என்றால் மாலையிலேயே நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பின்னிரவுக்குக் காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி எந்தத் திசையில் ஊதுகிறது என்று கவனியுங்கள். அதற்கு மேலே நிற்கும் கோளை அன்றைக்கு மறந்துவிட வேண்டியதுதான். கொசுவத்திச் சுருளைத் தொலைநோக்கியின் காலடியில் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். சூடும் புகையும் நேராகக் குழாயின் வாய்க்கு முன்னால் ஏறும், வேண்டவே வேண்டாம்.

தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே கொண்டுபோய் வையுங்கள், கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரட்டும். ஏசி அறையில் வைத்திருந்த தொலைநோக்கியைக் கடலோர ஊரின் ஈரக்காற்றில் திறந்தால் கண்ணாடியில் பனி பூத்துவிடும். துடைக்கக் கூடாது, தானாக மறையும் வரை பொறுங்கள்.

காற்று நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? விண்மீன்கள் படபடவென்று மின்னினால் பார்க்க அழகு, படத்துக்கு ஆகாது. லேசாகப் பனிமூட்டம் படர்ந்து வானம் மங்கலாகத் தெரியும் இரவில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். நிலவையும் பிரகாசமான கோள்களையும் நகர வெளிச்சம் எதுவும் செய்யாது. கோள்களைப் படம் எடுக்கக் கொடைக்கானலுக்குப் போக வேண்டியதில்லை, சென்னையில் இருந்தே எடுக்கலாம்.

காற்றுக்கு அடுத்தபடி கண்ணாடிகளின் ஒழுங்கு, காலிமேஷன் என்பார்கள். உயரத்தில் உள்ள ஒரு விண்மீனைப் பெரிய உருப்பெருக்கத்தில் வைத்து, போக்கஸைச் சற்றே கலைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் பெரிய கண்ணாடியின் பின்னாலுள்ள திருகுகளைச் சிறுகச் சிறுகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். தொலைநோக்கியைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் இது கொஞ்சம் கலையும், அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது.

போக்கஸ் இன்னொரு தலைவலி. திருகில் கை பட்டாலே கோள் திரையில் குதியாட்டம் போடும், அந்த ஆட்டத்தில் எது கூர்மை என்று தெரியாது. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: போக்கஸ் திருகை ஒரு பெரிய மரத் துணிக்கிளிப்பால் கவ்வச் செய்து, கிளிப்பின் நுனியை ஒற்றை விரலால் தள்ளுங்கள். நுனி மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் திருகு மிகச் சிறிதளவே திரும்பும், நடுக்கமும் குறையும். வியாழனின் தட்டில் போக்கஸ் பிடிப்பது கடினம். பக்கத்தில் நிற்கும் துணைக்கோள் ஒன்று எப்போது மிகச் சிறிய புள்ளியாகிறது என்று பாருங்கள்.

இப்போது கேமரா. எஸ்.எல்.ஆர். கேமராவை இதற்கென்று வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் முழு நிலவை ஒரே சட்டத்தில் எடுக்க அருமையானது. ஆனால் பல டாப்சோனியன்களில் அதைப் பொருத்தினால் போக்கஸ் வராது, ஏனென்றால் போக்கஸ் குழல் அந்த அளவுக்கு உள்ளே போகாது; பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் வழியாகப் பொருத்தினால் பெரும்பாலும் வந்துவிடும். கோள்களுக்கு ஏற்றது, ஐபீஸ் இருக்கும் இடத்தில் செருகும் சிறிய வீடியோ கேமரா. யு.எஸ்.பி. 3.0 வழியாக மடிக்கணினியில் இணையும். பார்க்க ஒரு தைலக் குப்பி அளவுதான் இருக்கும். மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள். வினாடிக்கு எத்தனை பிரேம் தருகிறது, பிக்சல் எவ்வளவு சிறியது, இவ்விரண்டையும் பாருங்கள். சோனியின் ஐ.எம்.எக்ஸ். 662 சென்சார் உள்ள வண்ணக் கேமராக்கள் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

பிக்சல் அளவை வைத்து ஒரு கைக்கணக்கு உண்டு. மைக்ரானில் உள்ள பிக்சல் அளவை 5ஆல் பெருக்கினால் வரும் எண்ணுக்கு அருகில் தொலைநோக்கியின் குவிய விகிதம், அதாவது குவியத்தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண், இருக்க வேண்டும். மேலே சொன்ன சென்சாரில் பிக்சல் 2.9 மைக்ரான், ஆகவே எஃப்/14.5. உங்கள் தொலைநோக்கி எஃப்/8. 2 மடங்கு பார்லோ போட்டால் எஃப்/16. கச்சிதம். அதில் வியாழன் சுமார் 180 பிக்சல் அகலத்தில் விழும். 5 மடங்கு பார்லோ போட்டால் பெரிதாகத் தெரியுமே என்று தோன்றும். பெரிதாகத் தெரியும், மங்கலாகவும் தெரியும். புதிய விவரம் ஒன்றும் வராது. '525 மடங்கு பெரிதாக்கும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்கும் பொம்மைத் தொலைநோக்கிகளின் ஏமாற்றும் இதுதான்.

அடித்தட்டின் மேல் கையால் திருப்பும் டாப்சோனியன் தானாக வானத்தைப் பின்தொடராதே என்று கவலைப்படாதீர்கள். வானம் வினாடிக்கு 15 விகலை நகர்கிறது. இந்தக் கேமராவும் பார்லோவும் சேர்ந்தால் கோள் சட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக அரை நிமிடம் ஆகும். விளிம்புக்குச் சற்று வெளியே கோளை நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, அது தானாக மிதந்து கடப்பதைப் பதிவு செய்யுங்கள். மறுபடி கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒரு பிரேமுக்கு 10 மில்லி வினாடி என்றால் ஒரு கடப்பில் ஏறக்குறைய 3,000 பிரேம். நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்றும் இங்கே இருக்கிறது. கோள் சரியாக உச்சிக்கு வந்துவிட்டால் டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு, அடித்தட்டை எவ்வளவு சுழற்றினாலும் கோள் அகப்படாது. அது 65, 70 பாகைக்கு ஏறும்போதோ இறங்கும்போதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாழனில் இஷ்டத்துக்குப் பதிவு செய்துகொண்டே போக முடியாது. அது 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. மூன்று நிமிடத்தில் அதன் நடுவிலுள்ள புள்ளி, 6 அங்குலத் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய அளவுக்கு நகர்ந்துவிடும். அதனால் ஒரு படத்துக்கான கடப்புகள் எல்லாம் சேர்ந்து இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும். சனியும் வேகமாகச் சுற்றுகிறதுதான், ஆனால் அதன் முகத்தில் நுண்ணிய புள்ளிகள் குறைவு. ஐந்து நிமிடம் வரை போகலாம்.

பதிவுக்கு ஷார்ப்கேப் அல்லது ஃபயர்கேப்சர், அடுக்குவதற்கு ஆட்டோஸ்டாக்கர்ட், கூர்மைக்கு ரெஜிஸ்டாக்ஸ். எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. மிதந்து கடந்த கோளை ஒவ்வொரு பிரேமிலும் நடுவுக்குக் கொண்டுவர பி.ஐ.பி.பி. என்றொரு சிறு மென்பொருள் இருக்கிறது, டாப்சோனியன்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆட்டோஸ்டாக்கர்ட் பிரேம்களைத் தரவரிசைப்படுத்தி ஒரு வளைகோடு காட்டும். காற்று சுமாரான இரவில் மேலே உள்ள 10 சதவீதத்தையும், நல்ல இரவில் 25 சதவீதம் வரையும் எடுங்கள். அடுக்கி வந்த படம் மொழுக்கென்று இருக்கும், பதறாதீர்கள். இரைச்சல், அதாவது படத்தில் தெறிக்கும் பொடிப்புள்ளிகள், அடங்கியிருப்பதால்தான் அப்படி. ரெஜிஸ்டாக்ஸின் வேவ்லெட் நகர்த்திகளை மெல்ல ஏற்றினால் பட்டைகளின் ஓரச் சுருள்கள் எழுந்து வரும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைப்பழக்கம். கோளின் விளிம்பில் வெள்ளை வளையம் தோன்றியதுமே எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். இணையத்தில் பாராட்டு வாங்கும் படங்களில் பாதி இந்த எல்லையைத் தாண்டியவை. அவற்றைப் பார்த்து உங்கள் படத்தைக் குறைவாக எண்ணாதீர்கள்.

மற்றக் கோள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சனி வியாழனைவிட மிகவும் மங்கல். பிரேமுக்கு 20, 30 மில்லி வினாடி தேவைப்படும். அதன் வளையங்கள் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாகிவிட்டு, இப்போது மெல்ல விரிந்துவருகின்றன. செவ்வாய் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் படம் எடுக்கும் அளவுக்குப் பெரிதாகும்; அடுத்த வாய்ப்பு 2027 பிப்ரவரி, அதே மாதத்தில் வியாழனும் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. வெள்ளியில் பிறை வடிவத்தைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்காதீர்கள். அது எப்போதும் சூரியனை விட்டு அதிகம் விலகாது. சூரியன் முழுக்க மறைந்த பிறகுதான் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் சூரியன் ஒரு நொடி பட்டாலும் கண் போய்விடும், கேமராவும் போகும்.

ஒவ்வொரு பதிவின் கோப்புப் பெயரிலும் தேதியும் நேரமும் இருக்கும்படி ஷார்ப்கேப்பில் அமைத்துவிடுங்கள். இந்திய நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்த உலகப் பொது நேரமாக இருந்தால் இன்னும் நல்லது, உலகெங்கும் கோள் படங்களை அந்த நேரத்தில்தான் ஒப்பிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் அந்தோணி வெஸ்லி 2009 ஜூலை 19 அன்று தன் வீட்டுக் கொல்லையிலிருந்து எடுத்த வியாழன் படத்தில், தென்துருவத்தருகே முன்பு இல்லாத ஒரு கரும்புள்ளியைக் கண்டார். ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதிய தழும்பு அது. அவர் தகவல் அனுப்பிய பிறகுதான் பெரிய ஆய்வகங்கள் தங்கள் தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பின. அவருடையது 14.5 அங்குலம், முறை நான் மேலே சொன்ன அதே வீடியோ முறைதான். மங்கலாக வந்த வீடியோக்களையும் அன்றைக்கே அழித்துவிடாதீர்கள், ஒரு வாரமாவது வட்டில் கிடக்கட்டும். அந்த நேரத்தில் வியாழனைப் பதிவு செய்தவர் யாராவது உண்டா என்று எங்கிருந்தாவது கேள்வி வரும்.